மேற்கு வாசலைக் காத்த தளபதி

அந்தக் காலத்தில் என்னுடைய நாள் ஒரு சீனத் தளபதியின் முகத்தைத் துடைப்பதில் தொடங்கும். சுவிஸில், ஓல்டன் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த சீன உணவகத்தில் எனக்கு வேலை. பத்து மணிக்குப் போய், கதிரைகளை இறக்கி, தரையைக் கூட்டி, கடைசியாக மூலையில் ஒரு சின்ன மாடத்தில் நின்ற அந்த ஆளிடம் வருவேன். மரத்தில் செய்தவர், ஒரு முழ உயரம். ஊதுபத்திப் புகை பட்டுப் பட்டு முகம் எங்கள் ஆட்களின் நிறத்துக்கு வந்திருந்தது. அதனாலோ என்னவோ எனக்கு அவரை முதல் நாளே பிடித்துப்போயிற்று.

ஆனால் ஆள் முழுசாக இல்லை. இடது கன்னத்தில் நீளமாக ஒரு வெட்டு. ஒரு காதின் நுனி இல்லை. வாள் பிடித்த கையில் இரண்டு விரல்கள் மொட்டை. பின்னப்பட்ட விக்கிரகத்தைக் கும்பிடக் கூடாது, கடலில் விட்டுவிட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஓல்டனில் கடலுக்கு எங்கே போவது? சமையற்காரர் தினமும் இந்தப் பின்னத்துக்குத் தோடம்பழம் வைத்துக் கும்பிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை மரப்பசை வாங்கி வந்து கன்னத்து வெட்டை நிரப்பி, மேலே சப்பாத்து மை பூசி, தளபதியைப் புது மாப்பிள்ளையாக்கிவிட்டேன்.

சமையற்காரர் அதைக் கண்டபோது கையில் கோழி வெட்டும் கத்தி இருந்தது. வியட்நாமின் சைகோனிலிருந்து படகேறி வந்த சீனர் அவர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் இருவருக்கும் பொதுவாக நாற்பது ஜெர்மன் சொற்கள் இருந்தன, அவற்றில் முப்பது மரக்கறி. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியை வைத்துவிட்டு, சிலையைத் தூக்கிக்கொண்டு குசினி மேசைக்குப் போனார். பல்லுக்குச்சி ஒன்றை எடுத்து என் பசையைத் துளித் துளியாகச் சுரண்டினார். முடித்ததும் தன் கன்னத்தைத் தொட்டு, வாள் என்று காட்டினார். காதைத் தொட்டு, அம்பு என்று காட்டினார். பிறகு அந்த நாற்பது சொற்களுக்குள் நின்றுகொண்டு ஒரு விஷயத்தை எனக்கு விளக்கினார். இது உடைந்தது இல்லை. இதை எடுத்தால் தளபதி இல்லை, பொம்மை.

அன்றிலிருந்து தினமும் காலையில் மரக்கறி வெட்டும்போது ஒரு காயத்தின் கதை. தளபதிக்கு எங்கே பட்டதோ அந்த இடத்தைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டுவார். தோளில் ஈட்டி. விலாவில் நெருப்பு. தொடையில் ஒரு துரோகியின் கத்தி. சொல் போதாத இடத்தில் கரட் குதிரையாகும், வெங்காயத்தாள் படையாகும்.

இந்தக் கதையை நான் மேலே கொண்டுபோவேன். மதியச் சமையல் இரண்டரைக்கு முடியும், மாலை வேலை ஐந்துக்குத் தொடங்கும். இடையில் உள்ள நேரத்துக்கு அங்கே சிம்மர்ஷ்டுண்ட என்று பெயர். அறையில் போய்க் கிடக்கிற நேரம். குசினிக்கு மேலேயே எங்கள் அறை. அங்கே என் அண்ணா படுத்திருப்பான்.

என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன், அதனால் அண்ணா என்று கூப்பிட்டாலும் நீ, வா, போ தான். ஓர் இயக்கத்தில் இருந்தவன். எந்த இயக்கம் என்று எழுதப்போவதில்லை, எழுதினால் இன்றைக்கும் இரண்டு பேர் என்னோடு கதைக்கமாட்டார்கள். வலது தோளிலிருந்து முழங்கை வரை அவனுக்கு ஒரு தழும்பு இருந்தது, விரல்கள் மடங்காது. ரயில் நிலையத்தில் பெட்டி துப்புரவு செய்யும் வேலை. விடிய முன்னம் போய் மதியம் வந்து, கட்டிலில் சாய்ந்து, ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருப்பான். வைத்தியர் கொடுத்த பந்து. கை சரியாகட்டும் என்று அவர் கொடுத்தார். கை சரியானதும் சண்டைக்குத் திரும்பிப் போவதற்காக அவன் அமுக்கினான். அவனுடைய பொறுப்பாளருக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"கை பொத்திச்சுதெண்டால் நான் போறன், பிள்ளை," என்பான், கடைக்குப் போகிறவன் சொல்வதைப்போல.

போனால் செத்துப்போவான் என்று எனக்குத் தெரியும். அது பயம் இல்லை, கணக்கு மாதிரி நிச்சயம். அவனோடு இருந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே இல்லை. அந்தப் பந்தை நான் வெறுத்தேன். இரண்டு தடவை கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டு, தெரியாதவளைப்போல இருந்திருக்கிறேன். இரண்டு தடவையும் குனிந்து எடுத்துக்கொண்டான்.

தளபதியின் கதை தொடங்கினால் மட்டும் அவன் கை நிற்கும். அதனால்தான் தினமும் சொன்னேன். ஓல்டனில் அந்தக் குளிர்காலம் முழுவதும் பனிமூட்டம். ஆற்றிலிருந்து எழும்பி வந்து யன்னலை மூடிவிடும், எதிர்வீடும் தெரியாது. கீழே குசினியில் ஏதோ மெதுவாக அவிந்துகொண்டிருக்கும், நிலத்துக்குள்ளால் சூடு வரும். நான் சொல்லச் சொல்ல அந்த வெள்ளைக்குள் மேற்கு வாசல் வந்து நிற்கும். அரசன் ஆற்றைக் கடந்து போகிறான். போகும்போது தளபதியிடம், நான் திரும்பி வரும்வரை வாசலை விடாதே என்கிறான். தளபதி விடவில்லை. எதிரி வந்து வந்து போகிறான், ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஒரு காயம் கூடுகிறது. அரசன் வரவில்லை.

"பிறகு?" என்பான் அண்ணா.

சில நாட்களில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் சொருகிவிடும். அரைநித்திரையில் தளபதி ஓல்டனுக்கு வந்துவிடுவார். அண்ணா வேலைக்குப் போடும் ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, இரண்டு மொட்டை விரலோடு, நீண்ட வெறும் ரயில் பெட்டியைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் அவரிடம், இந்த ரயில் எங்கே போகிறது என்று கேட்பேன். அவர் அண்ணாவின் குரலில் பதில் சொல்வார். விழித்துப் பார்த்தால் அண்ணாதான், யன்னலுக்கு வெளியே போகும் ரயிலின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருப்பான்.

"உது பாசல் போறது. இப்ப வாறது பேர்ண்."

நேர அட்டவணை முழுவதும் அவனுக்குப் பாடம். ஓல்டனில் யாரும் ரயிலுக்கு ஓடுவதில்லை, ஒன்று போனால் மற்றது வந்து நிற்கும். ஓடுகிறவனைக் கண்டால் ஊருக்குப் புதியவன் என்று அண்ணா சிரிப்பான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் நான் கதவைத் திறந்தபோது அவன் வலது கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். ஐந்து விரல்களும் மடங்கியிருந்தன.

"பார், பொத்துது," என்றான். சின்ன வயதில் மீன் பிடித்துவந்து காட்டுகிற அதே முகம்.

நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தக் கிழமையே ஜெனீவாவில் இருந்த யாரோடோ தொலைபேசியில் கதைத்தான். சனிக்கிழமை பின்னேரம் அங்கே வந்தால் கடதாசிகள் தயாராக இருக்கும், அங்கிருந்து இந்தியா, பிறகு படகு.

நான் குசினிக்கு ஓடிப்போய்ச் சமையற்காரரிடம் கதையின் முடிவைக் கேட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்றார். மூன்று நாள் நாளைக்கு என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. இவருடைய நாளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் சனிக்கிழமை வந்துவிடும். அன்றைக்கு மத்தியானம் நானே முடிவைச் செய்தேன். அரசன் முதல் மாரியிலேயே செத்துப்போனான் என்று தளபதிக்குச் செய்தி வருகிறது. அவர் வாளைச் சுவரில் சாத்துகிறார். வாசலுக்கு உள்ளே கொஞ்சம் வெறும் நிலம் கிடக்கிறது. அதைக் கொத்தி, கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசு நட்டு, கிழவனாகிச் சாகிறார்.

அண்ணா கட்டிலில் எழும்பி இருந்தான்.

"கோவாவோ?" என்றான்.

"ஓம், கோவா."

"உது அந்தச் சீனர் சொன்ன முடிவோ, நீ செய்த முடிவோ?"

"அவர் சொன்னதுதான்," என்றேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது.

மறுநாள் இரண்டரைக்கு நான் மேலே போகும் முன்னர் அவன் கீழே இறங்கி வந்துவிட்டான். ஒரு நாளும் குசினிக்கு வராதவன். சமையற்காரர் மாலைக்குரிய கோவாக்களை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளங்கால் வரை கூசியது. அண்ணா தன்னுடைய ரயில்பெட்டி ஜெர்மனில், தளபதிக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டான்.

சமையற்காரர் அவனைப் பார்த்தார். பிறகு அவனுடைய கையைப் பார்த்தார். தன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வெள்ளை மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தோளில் குழி விழுந்த ஒரு தழும்பு. விலாவில் சுருங்கிப்போன, வெந்த தோல். தொடைப் பக்கம் துணிக்கு மேலால் தொட்டுக் காட்டினார். ஒரு குளிர்காலம் முழுக்கத் தளபதியின் காயம் என்று அவர் எனக்குத் தொட்டுக் காட்டிய இடங்கள் எல்லாம் அவைதான். கதைக்கு இடம் காட்டுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

துண்டு துண்டாகச் சொன்னார். "நான் சிப்பாய். பாலம். பெரியவர் சொன்னார், நான் வருவேன், நீ நில். நான் நின்றேன். ஒரு நாள். இரண்டு நாள். மூன்று நாள். ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் நடந்தேன்."

சாப்பாட்டு மண்டபத்து மாடத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அவர் நின்றார். செத்தார். இப்போது சாமி, எல்லோரும் பழம் வைக்கிறார்கள்." பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். "நான் நடந்தேன். நான் சமையற்காரன்."

அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை. பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு ஒரு கோவாவை எடுத்து வெட்டத் தொடங்கினார். அண்ணா அந்தக் கோவாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேலே போனான். நான் பின்னால் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

சனிக்கிழமை அவன் பையை அடுக்கினான். மூன்று மணி ரயில். படியிறங்கும்போது நான் மறிக்கவில்லை. அழுது மறித்தால் போவதற்கு அவனுக்கு இன்னும் இலகுவாக இருக்கும், அவனை எனக்குத் தெரியும்.

"பிள்ளை, போட்டு வாறன்," என்றான்.

"கையைக் குளிர விடாதை," என்றேன். எத்தனையோ சொல்ல இருக்க, அதுதான் வந்தது.

பையோடு பனிமூட்டத்துக்குள் நடந்தான். நாலு அடியில் கால் மறைந்தது, பத்து அடியில் ஆளே இல்லை. நான் மண்டபத்துக்குப் போனேன். மதியம் முடிந்து கூட்டுவதற்காகக் கதிரைகள் எல்லாம் மேசையில் கவிழ்ந்து கிடந்தன. முதல் தடவையாக ஊதுபத்தி ஏற்றித் தளபதிக்கு முன்னால் நின்றேன். பின்னப்பட்டவரைக் கும்பிடக் கூடாது என்பதெல்லாம் எங்கே போயிற்றோ. விசுவாசத்துக்காகச் சாமியானவரிடம் போய், என் அண்ணாவை விசுவாசம் இல்லாதவனாக்கிவிடு என்று கேட்டேன். அவன் முகத்தில் மற்றவர்கள் காறித் துப்பினாலும் பரவாயில்லை, அவன் எனக்கு உயிரோடு வேண்டும் என்றேன். தளபதி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வேலை இல்லை.

ஒரு கதிரையை இறக்கி, அதில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் யாரோ வாளைச் சுவரில் சாத்தும் சத்தம். விழித்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. குசினியில் பலகையில் கத்தி படும் சத்தம் கேட்டது. சமையற்காரரின் கத்தி தடதடவென்று போகும். இது ஒன்று விழுந்து, நின்று, யோசித்து மற்றது விழுந்தது.

போய்ப் பார்த்தேன். அண்ணா மேசைக்கு முன்னால் நின்றான். பை காலடியில் கிடந்தது. தலைமயிரில் பனித்துளி. வலது கையில் கத்தி, விரல் ஐந்தும் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒரு கோவாவைக் கண்டபடி கொத்தி வைத்திருந்தான். சமையற்காரர் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவரைப்போல எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணா நிமிரவில்லை.

"ட்ரெயினை விட்டிட்டன்," என்றான்.

எனக்குத் தெரிந்து ஓல்டனில் ரயிலைத் தவறவிட்டவன் அவன் ஒருவன்தான். ஜெனீவாவுக்கு எத்தனை மணிக்கெல்லாம் ரயில் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லக்கூடியவன். இரண்டு மணி நேரம் அந்த மேடையில் நின்று ஒவ்வொன்றாகப் போகவிட்டிருக்கிறான். முகம் வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள், சனிக்கிழமை பின்னேரங்களில் அந்த முகம் அவனுக்கு வரும். நான் பார்க்காததைப்போல இருப்பேன்.

அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"சின்னனா வெட்டு, அண்ணா," என்றேன்.