மாணிக்கவாசகத்தின் பஸ் பெட்டி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகம் என்று ஒருவர் இருந்தார். பட்டுச் சேலையின் ஜரிகைக் கரையில் அன்னமும் மயிலும் வரிசை தப்பாமல் வருவதற்குத் தறியின் மேல் நூல்களை முடிச்சுப் போட்டுக் கட்டித் தருவார். அடை கட்டுவது என்று அதற்குப் பெயர். கட்டுவாரே தவிர, தறியில் உட்கார்ந்து நெய்யச் சொன்னால் அவருக்கு உடம்பு வணங்காது. ஒரு முழம் நெய்வதற்குள் எழுந்துபோய் யார் வீட்டுப் பழைய மேஜை விசிறியையாவது பிரித்துப் பரப்பிக்கொண்டிருப்பார். சோம்பேறி என்று தெருவில் சொன்னார்கள். சோம்பேறி ஒன்றும் இல்லை. கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

அவர் ஒரு பெட்டி செய்தார். நெஞ்சளவு உயரம், மேலே சாய்வாகக் கண்ணாடி. உள்ளே ஒரு கெட்டித் துணி, முனையும் முனையும் சேர்த்துத் தைத்தது, மோட்டாரில் ஓடும் உருளையின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். துணியில் சாலை வரைந்திருந்தது. சாலையில் மாடு, லாரி, கட்டை வண்டி. துணிக்கு மேலே ஒரு தகர பஸ். வெளியே இருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் பஸ் இடமும் வலமும் நகரும். மாட்டையும் லாரியையும் அவர் கழிவு ஜரிகையால் தைத்திருந்தார். ஜரிகையில் மின்சாரம் ஓடும் அல்லவா? பஸ்ஸின் அடியில் இரண்டு பித்தளைக் கம்பிகள். அவை ஜரிகையைத் தொட்டால் மணி அடித்து எல்லாம் நின்றுவிடும். தொடாமல் சொன்ன சுற்றுகளை ஓட்டி முடித்தால் பச்சை விளக்கு எரியும், ஓட்டியவருக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர்.

திருவிழாக்களில் வளையம் எறிகிற கடை போடும் கலியாணசுந்தரம் அதைப் பார்த்தார். பெட்டி ஓடுகிற வரைக்கும் மாதச் சம்பளம் என்று சொல்லி மாணிக்கவாசகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். எழுபத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் அது.

அந்த வேலையைப் பற்றித் தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், ஓர் ஆள் நாள் முழுக்க விளையாடுகிறார் என்பதுதான். மனைவி தையல்நாயகியே அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லிச் சிரித்தாள். உண்மையில் அவருக்கு அந்தப் பஸ்ஸைக் கண்டாலே கசந்தது. மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றே மாட்டின் மேல் ஏற்ற வேண்டும். ஒரு கம்பியை வளைத்தால் திரும்பவும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பிறகு கடையில், ஆட்கள் முன்னால் நின்று கத்திச் சிரிக்கும்போது, இவர் பெட்டிக்குப் பின்னால் திருப்புளியோடு குந்தியிருப்பார். கலியாணசுந்தரத்தைத்தான் எல்லோரும் கெட்டிக்காரர் என்றார்கள். அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

தையல்நாயகியின் அண்ணன் மயில்வாகனத்துக்கு வீட்டிலேயே தறிகள் இருந்தன. தங்கை புருஷன் பொம்மைப் பஸ் ஓட்டுவது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

“வைகாசி கருடசேவை வரைக்கும் பாக்கறேன் மாப்ளே. அதுக்குள்ள இந்தப் பெட்டி சோறு போடாதுன்னு தெரிஞ்சுதுன்னா, எங்க வூட்டுத் தறில வந்து குந்திடணும். காலித் தறி ஒண்ணு வச்சிருக்கேன்.”

மாணிக்கவாசகம் சரி என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டாரே தவிர, அந்தத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு ஆயுசுக்கும் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவருக்கு மூச்சு முட்டியது.

வாலாஜாபேட்டைத் திருவிழாவில் பெட்டி நன்றாகவே ஓடியது. எப்போதாவது ஒருவர் ஜெயித்தார். அந்தத் தைரியத்தில் வைகாசிக் கொடியேற்றத்தன்று சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் தெருவோரம் பெட்டியை இறக்கினார்கள்.

மத்தியானத்துக்குள் டம்ளர் தீர்ந்துவிட்டது.

மயில்வாகனம்தான் தொடங்கி வைத்தார். வந்தவர் உடனே ஆடவில்லை. கைகட்டி நின்று, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சக்கரத்தைப் பிடித்தார். பிடித்தவர் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. தெருவில் போகும் யாரையோ நலம் விசாரித்துக்கொண்டே சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. அவருக்குப் பின்னால் வந்த நெசவுக்காரர்களும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு அப்படியே ஓட்டினார்கள்.

“இது ரோடா மாப்ளே? கரை. மாடு, லாரி, வண்டி, திரும்ப மாடு. அன்னம், மயிலு, சக்கரம் மாதிரி வரிசையா வந்துக்கினு இருக்குது. கண்ணக் கட்டிவுட்டாலும் ஓட்டுவேன்” என்றார் மயில்வாகனம்.

அவர் சொன்னது சரிதான். மாணிக்கவாசகத்தின் கைக்கு வேறு விதமாக வரையத் தெரியவில்லை. மயிலுக்கும் மயிலுக்கும் நடுவே இவ்வளவு என்று விட்டுப் பழகிய கை, மாட்டுக்கும் மாட்டுக்கும் நடுவிலும் அதே அளவை விட்டிருந்தது. வாலாஜாபேட்டையில் அது யார் கண்ணிலும் படவில்லை. காஞ்சிபுரத்தில் வந்து நின்றவர்களில் பாதிப்பேர் அந்தத் தாளத்திலேயே வளர்ந்தவர்கள்.

கலியாணசுந்தரம் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். நாளை மறுநாள் கருடசேவை, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வரும், அதற்குள் சரி செய்தால் பெட்டி இருக்கும், இல்லையென்றால் பிரித்து விறகுக்குப் போடுவேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் காலையில் மாணிக்கவாசகம் சாலைத் துணியை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தார். காஞ்சிப் பட்டில் கரையைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் ஓட்டி, நெய்யும்போதே கோத்துச் சேர்ப்பார்கள். கோர்வை என்பார்கள். அதுபோலச் சாலையின் இடது ஓரம் ஒரு பட்டை, நடு ஒரு பட்டை, வலது ஓரம் ஒரு பட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நீளம் வைத்துத் தைத்தார். நீளமான பட்டை தொய்யாமலிருக்க அடியில் மணல் பையைத் தொங்கவிட்டார். ஓடவிட்டபோது ஒரு பட்டை முந்திச் சுற்றி வந்தது, இன்னொன்று பிந்திச் சுற்றி வந்தது. இந்தச் சுற்றில் மாட்டுக்குப் பக்கத்தில் வந்த லாரி அடுத்த சுற்றில் அங்கே இல்லை. எண்ணிப் பார்த்தும் அவருக்கே பிடிபடவில்லை. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் களை வந்தது.

சோறு கொண்டுவந்த தையல்நாயகியை ஓட்டச் சொன்னார். அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். திடீரென்று இடப்பக்கம் மாடு, நடுவில் வண்டி, வலப்பக்கம் லாரி, மூன்றும் ஒரே கோட்டில் வந்து நின்றன. மணி அடித்தது.

“இதுல எங்க போறது?” என்றாள்.

போக வழியில்லை. மாணிக்கவாசகம் மோட்டாரை நிறுத்தினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கலியாணசுந்தரத்துக்கோ வாயெல்லாம் பல். அப்படியே இருக்கட்டும், நாளைக்கு ஒரு டம்ளர்கூடப் போகாது என்றார்.

“மாட்டேன் மொதலாளி” என்றார் மாணிக்கவாசகம். “வழியே இல்லாத ரோட்டுல ஒருத்தனை எறக்கிவுட்டு, உனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்ல மாட்டேன்.”

“பெட்டி வேணுமா, உன் மச்சான் தறி வேணுமா?”

“பெட்டிதான் வேணும். ஆனா இந்தப் பெட்டி இல்ல.”

கலியாணசுந்தரம் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்து பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் பெட்டியை விறகுக்கு வண்டியில் ஏற்றிவிடுவார் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

தையல்நாயகி தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. அவளுக்கு எரிச்சல் வந்தது.

“இன்னாத்துக்கு ரெண்டு கரையையும் வேற வேற நீளமா அளந்தீங்க? எந்தச் சேலையிலயாவது வலது கரை ஒரு தினுசும் இடது கரை ஒரு தினுசுமா ஓடிப் பாத்திருக்கீங்களா? வூட்டுக்காரரு பஸ் ஓட்டப் போய் நெசவையே மறந்துட்டாருன்னு எங்கண்ணன் சிரிக்கும்” என்றாள்.

அவர் பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தார். இரண்டு ஓரப் பட்டைகளையும் ஒரே நீளமாக்கினார். இடது ஓரத்தில் மாடு வரும் இடத்தில் வலது ஓரம் வெறுமையாக இருந்தது, வலது ஓரத்தில் லாரி வரும் இடத்தில் இடது ஓரம் வெறுமை. அவை இரண்டும் எப்போதும் ஜோடியாகவே சுற்றும். நடுப்பட்டை மட்டும் தன் இஷ்டத்துக்கு ஓடும். இப்போது எப்படி வந்தாலும் ஏதோ ஓர் ஓரத்தில் வழி இருந்தது. அங்கே போய்ச் சேர நடுவில் வண்டி இல்லாத நேரம் பார்த்துத் தாண்ட வேண்டும். அதை எண்ணி வைத்துக்கொள்ள முடியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

சாயங்காலம் கலியாணசுந்தரம் வந்து தானே ஓட்டினார். முட்டினார். மறுபடி ஓட்டி மறுபடி முட்டினார். பெட்டியை வண்டியில் ஏற்றச் சொல்லவில்லை.

கருடசேவையன்று பெருமாளைச் சேவித்துவிட்டு ஜனம் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. மயில்வாகனம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்போலவே எங்கேயோ பார்த்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். மணி அடித்தது. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களும் முட்டினார்கள்.

“வழி இருக்குதா, இல்ல ஏமாத்தறியா மாப்ளே?”

“இருக்குது மச்சான். எங்கன்னு எனக்கே தெரியாது. பாத்து ஓட்டுங்க.”

முசரவாக்கத்திலிருந்து வந்த பூவம்மாள் என்கிற விவசாயப் பெண்மணி, மூட்டையைக் காலடியில் வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள். “ஓரமா போ... ஹை, ஹை” என்று துணியில் வந்த மாட்டையே அதட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அவள் ஜெயித்ததைப் பார்த்தவர்கள் பெட்டியைச் சுற்றி நெருக்கினார்கள். கலியாணசுந்தரம் சில்லறை வாங்குவதிலேயே இருந்தார்.

மயில்வாகனம் திரும்பவும் வரிசையில் நின்று வந்தார். இந்தத் தடவை குனிந்து, கண்ணாடியில் மூக்கு உரசுகிற மாதிரி நின்றார்.

“மாப்ளே” என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே. “அந்தக் காலித் தறிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்தது. மாணிக்கவாசகம் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனார். நடுப்பட்டை கொஞ்சம் தொய்ந்திருந்தது.