அவரு ஒண்ணு, ஆக்சிஜன் ரெண்டு

பிள்ளைகளே, உங்கள் அறிவியல் புத்தகத்தில் நைட்ரஜன் என்று போட்டிருக்கிறது. ஆந்திராவில் எங்கள் நகரிப் பக்கத்துத் தெலுங்குப் புத்தகத்தில் அதற்கு நத்ரஜனி என்று பெயர். என் நைனா, அதாவது உங்கள் தாத்தாவின் பெயரோ நடராஜன். இந்த இரண்டு பெயரும் சேர்ந்து என் அம்மாவைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

அப்போது நைனா குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு கம்பெனி வேன் வர ஆரம்பித்தது. பத்தாவது பாஸான பெண்களை மட்டும் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அம்மா ஒன்பதாவதோடு நின்றவர். அந்த வேனில் ஏறியே தீருவது என்று தனியாகப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டார். ஆறாவது படித்த நான்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன்.

எழுதச் சொன்னால் தப்பே வராது. அம்மோனியா என்றால் N போட்டு, H போட்டு, H-இன் காலடியில் சின்னதாக மூன்று. வாயால் சொல்லும்போதுதான் வம்பு. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மாவுக்குப் பயம். NO₂ என்று காட்டினால், "அவரு ஒண்ணு, ஆக்சிஜன் ரெண்டு" என்பார்.

"நத்ரஜனி டை ஆக்சைடுன்னு சொல்லணும்மா."

"அவரு டை ஆக்சைடு. போதும் போடா."

N₂O வந்தபோது, பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அத்தை, நைனாவின் தங்கை, சும்மா இருக்கவில்லை. "ரெண்டு அவரா? எங்கண்ணன் ஒண்ணு கீறப்பவே சோறு பத்தாது. ரெண்டு வந்தா என்னா பண்ணுவ, அண்ணி?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பரீட்சையில் சார் வாயாலும் கேட்பார். அங்கே 'அவரு' என்றால் மார்க்கும் போகும், வேனும் போகும். நான் அழாத குறையாகச் சொன்னேன். அம்மாவும் அழாத குறையாகச் சொன்னார்: "கடல் தாண்டிக் கீறாருடா. ஒரு தலைவலின்னாகூட எனக்குத் தெரியாது. நா எப்பிடிடா சொல்றது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு நைனாவின் போன் வந்ததும் முதல் வேலையாகப் போட்டுக்கொடுத்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் லைனே கரகரத்தது. அம்மா ரிசீவரை வாங்கியபோது அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

"சொல்லும்மே! நா கல்லு மாதிரி கீறேன். கேட்டுக்கினே கீறேன், சொல்லு!"

அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நத்ரஜனி" என்றது ஒட்டி நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேக்கல, இன்னொரு தபா!" என்றார் நைனா.

பரீட்சையில் சார் N₂O என்று எழுதி, "செப்பம்மா" என்றார். "டை நத்ரஜனி மோனாக்சைடு!" வராந்தாவில் நின்ற எனக்கே கணீரென்று கேட்டது. பிறகு பல வருஷம் அம்மா அந்த வேனில் போய்வந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

அன்று பரீட்சை முடிந்து திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நத்ரஜனி... நத்ரஜனி..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பரீட்ச முடிஞ்சிபோச்சிம்மா" என்றேன்.

"தெரியும்டா" என்றார். மறுபடியும் ஒரு தடவை சொன்னார்.

பாவம், மறந்துவிடுமோ என்று இன்னும் பயப்படுகிறார் என்று நினைத்து, நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.