'டா'வுக்கு ஓர் எடுத்துக்காட்டு

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அகராதி. குணத்தால் வந்த பெயரல்ல. அவரைவிட அடக்கமானது அந்தக் கட்டடத்தில் எதுவுமில்லை. லிஃப்ட்கூட எப்போதாவது முரண்டு பிடிக்கும். தொழிலால் வந்த பெயர். மொழிபெயர்க்கும் செல்போன் செயலி ஒன்றுக்கு, தெருப்பேச்சுச் சொற்களின் பொருளை எழுதித் தருகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மேசைக்கு வந்த சொல், 'டா'.

ஒற்றை எழுத்துதானே, சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். பழைய 'அடா', 'ஏடா' தேய்ந்து மிஞ்சிய வால் என்பார்கள், எழுதிக்கொண்டார். பிற மொழிகளில் தேடினார். ஏறக்குறைய இதே ஒலிக்கு ருஷ்ய மொழியில் 'ஆமாம்'. ஜெர்மனில் 'அங்கே'. சீனத்தில் 'பெரிய'. உலகமெல்லாம் இதை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்திருக்கிறது; தோளில் கைபோட மட்டும் நம் பக்கம் தவிர வேறு யாருக்கும் தோன்றவில்லை. நண்பனைக் கூப்பிடும் ஆங்கிலத்தின் 'மேட்' கொஞ்சம் கிட்ட வந்தது. ஆதியில் அதற்கு, கூட உட்கார்ந்து சாப்பிடுபவன் என்று பொருளாம். படித்துவிட்டு டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்தார்.

"எல்லாம் சரி சார், எடுத்துக்காட்டு காலியா இருக்கே," என்றாள் குழுத் தலைவி. அவருக்கு மகள் வயது.

"எழுதிடறேன்மா. 'வாடா, போடா'ன்னு ஏதாவது..."

"நீங்களா கட்டினது வேணாம் சார். சொந்தக் காதால கேட்டிருக்கணும், அதான் ரூல். உங்களை யாராவது கடைசியா டா போட்டு என்ன சொன்னாங்களோ, அதை எழுதுங்க. திங்கக்கிழமை போதும்."

கடைசியாக யார்? அம்மாவோடு வீட்டு 'டா' போயிற்று. மனைவி இருந்தவரை 'என்னங்க'. முடிவெட்டுபவருக்கு அவர் சார், வாட்ச்மேனுக்கு ஐயா, தெருப்பிள்ளைகளுக்கு அங்கிள். மரியாதைக்கு ஒரு குறைவுமில்லை. வீடு முழுக்க மரியாதை கால்நீட்டிப் படுத்திருந்ததால் வேறு யாரும் நுழைய இடமில்லை.

மாலை பஸ்ஸில் 'டா' மழையாகப் பெய்தது. ஒன்றைப் பிடித்து எழுதியிருக்கலாம். ஆனால் விஷயம் வேலையைத் தாண்டிவிட்டிருந்தது. தன்னை டா போட உலகத்தில் ஒருவனாவது மிச்சமிருக்கிறானா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒருவன் இருந்தான். ஹாஸ்டலில் ஒரே அறை. எந்த ரகசியமும் தங்காததால் பெயர் ஓட்டைவாய். இப்போது ஒரு கம்பெனிக்கே தலைவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அகராதி அவருக்குப் போன் போட்டார்.

"ஹலோ."

'டேய் ஓட்டை' என்பது நாக்கு நுனிவரை வந்தது. பெரிய பதவி, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ.

"வணக்கம். நல்லா இருக்கீங்களா?"

கெட்டது அங்கேதான்.

"ஓ, நீங்களா... நல்லா இருக்கேங்க. நீங்க?"

'நீ'யிலிருந்து 'நீங்க'வுக்கு ஏற ஏணி உண்டு. இறங்க ஏணி கிடையாது, குதிக்கத்தான் வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் முட்டி வலி.

"சுகர் எப்படிங்க?" நண்பர் கேட்டார்.

"கட்டுக்குள்ள இருக்குங்க."

"என்ன விஷயமா கூப்பிட்டீங்க?"

"சும்மாதாங்க."

"சும்மாவா?" குரல் ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் அந்த வீட்டு நாய் குரைத்தது. "இருடா, வரேன்," என்றார் நண்பர், நாயைப் பார்த்து. அச்சு அசல் ஹாஸ்டல் குரல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிங்க, வெச்சிடட்டுங்களா?" என்றார்.

"வைங்க."

திங்கட்கிழமை எடுத்துக்காட்டு தயாராக இருந்தது: 'இருடா, வரேன்.' சொந்தக் காதால் கேட்டது, விதி மீறவில்லை. கீழே 'யார், யாரிடம்' என்று ஒரு கட்டம். 'நண்பர், நண்பரிடம்' என்று அடித்தார். அழித்துவிட்டு, 'நண்பன், நண்பனிடம்' என்று அடித்தார்.

"சூப்பர் சார்," என்றாள் குழுத் தலைவி. "உங்க ஃப்ரெண்டு சொன்னதா?"

"ஆமாம்மா. ஹாஸ்டல்ல ஒரே ரூம்."

"வரேன்னாரே, வந்துட்டாரா?"

அகராதி திரையில் அடுத்த சொல்லைத் திறந்தார்.

"வருவான்மா," என்றார்.