குதிரை ராட்டினத்தை ஏன் எடுத்தார்கள்

பழைய ராட்டினங்களை ஏன் எடுத்துவிடுகிறார்கள் என்று என்னைக் கேட்டால் வண்டி வண்டியாகக் காரணம் சொல்வேன். எழுபதுகளின் நடுவிலிருந்து மலேசியாவின் ஈப்போ டவுனில் ஒரு விளையாட்டுப் பூங்காவில் குதிரை ராட்டினம் ஓட்டியவன் நான். சுற்றுகிற மேடை, கம்பியில் ஏறி இறங்கும் மரக்குதிரைகள், ஓரமாக லீவரைப் பிடித்தபடி நான். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். ஒரு குதிரைக்குக் காது உடைந்தபோது நானே மரத்தைச் செதுக்கி ஒட்டினேன். அது கழுதைக் காதாக வந்து தொலைத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. பீடோர் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். புது முதலாளி பாதிப் பேரை வெளியே போகச் சொன்னான். நான் யூனியன் ஆட்களோடு நின்று கத்தினேன். என் அக்காவைக் கட்டியவர், என் மச்சான், அதே முதலாளியிடம் கங்காணியாகச் சேர்ந்துகொண்டார். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வைத்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவரும் விடவில்லை. இனி உன் தம்பி இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது, நீயும் அவனைப் பார்க்கக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பா அம்மா இல்லை. இருந்தது அவள் ஒருத்திதான்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். பெண் பார்க்கப் போக எனக்கென்று ஆள் இல்லாததால் கல்யாணமும் தள்ளிப் போய், அப்படியே போய்விட்டது. சும்மா சொல்லக் கூடாது, வேலை நேரத்தில் கவலை தெரியாது. பிள்ளைகள் சத்தம் காதை அடைக்கும். திங்கட்கிழமை பூங்காவுக்கு லீவு. அன்றைக்குத்தான் தனிமை பிடுங்கும். யாரோடும் பேசாமல் பொழுது போய்விடும். சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் 'அண்ணே, டீ' என்று கேட்கும்போது என் குரல் எனக்கே கரகரவென்று இருக்கும்.

அக்கா தீபாவளிக்கு மறுநாள் வருவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். பிள்ளைகளுக்குக் குதிரை ஏறணுமாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, மூன்று பையன்களையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். அவளுக்குத் தலை சுற்றும், ராட்டினம் ஏற மாட்டாள். வேலிக்கு உள்ளே லீவர் பக்கத்தில் வந்து நிற்பாள். பையன்கள் சுற்றுகிற வரைக்கும் எங்களுக்குப் பேச்சு. மற்றவர்களுக்கு ஓட்டுவதைவிட அன்றைக்குக் கொஞ்சம் கூடவே ஓட்டுவேன். இளைத்துவிட்டாயே என்பாள். முறுக்கு டின்னைக் கையில் திணிப்பாள். பையன்கள் என்னை மாமா என்று கூப்பிடுவதெல்லாம் பூங்கா வாசலோடு சரி. மச்சான் காதில் விழக் கூடாதே, வீட்டில் நான் 'குதிரைக்காரர்'. அப்படித்தான் சொல்லிப் பழக்கியிருந்தாள். கேட்டபோது சிரித்தேன், ஆனால் வலித்தது.

எண்பதுகளில் குதிரைக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. அதன் பல்சக்கரங்களை ஈயம் தோண்டும் லம்பங்களுக்குச் சாமான் வார்க்கும் பட்டறை ஒன்றில்தான் செய்து வாங்குவோம். ஈய விலை விழுந்தது, லம்பங்கள் மூடின, பட்டறையும் மூடிவிட்டது. மழைக்காலத்தில் மரம் ஊறி மேடை சாய்ந்தது. இன்னொன்றும் உண்டு, அதற்குத்தான் எனக்கு வயிறு எரியும். பெரியவர்கள் வருவார்கள், 'ஐயோ, சின்னப்பிள்ளையில் நான் ஏறுன குதிரை' என்று கழுத்தைத் தடவுவார்கள், கண் கலங்குவார்கள், டிக்கெட் எடுக்காமல் போய்விடுவார்கள். பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பாசத்தை வைத்துக்கொண்டு மோட்டாரை ஓட்ட முடியுமா?

எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, நல்ல மனுஷன். எட்டு இரும்புக் கைகளோடு ஆளைத் தூக்கிச் சுழற்றும் ஆக்டோபஸ் ராட்டினம் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதை நிறுத்த இடம் வேண்டும். பேய் வீட்டைக் கலைப்பதா, குதிரையை எடுப்பதா என்று அவருக்கு ஒரே யோசனை. குதிரையில் கை வைத்தால் ஈப்போவே சண்டைக்கு வரும் என்று பயந்தார். நானும் அந்தப் பயத்துக்கு நன்றாகவே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் அன்றைக்குப் பால்வெட்டும் கத்தியை யாரும் தொட மாட்டோம். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் படுக்க வைத்துவிடுவோம். உழைக்கிற சாமானுக்கு அது ஓய்வு நாள். பூங்காவில் சேர்ந்ததிலிருந்து காலையில் பொட்டு வைத்துவிட்டு உடனே லீவரைத் தள்ளுவதுதான் வழக்கம். அந்த வருஷம் மோட்டார் ஒரு மாதிரியாக உறுமிக்கொண்டிருந்தது. ஒரு நாளாவது முறைப்படி ஓய்வு கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும் என்று மனசில் பட்டது. தவுக்கேயிடம் கேட்டேன். சாமி விஷயத்தில் அவர் மறுத்துப் பேச மாட்டார், சரி என்றார்.

குதிரைகளைக் குளிப்பாட்டினேன். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், கழுத்தில் பூச்சரம். மோட்டாருக்கு மாலை, சூடம், எலுமிச்சம்பழம். தனியாக நின்று கும்பிட்டேன். கடலை அவித்துக் கொண்டுவந்திருந்தேன், அதை வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். நல்ல கூட்டம் அன்றைக்கு. பிள்ளைகள் வந்து பூவைத் தொட்டுப் பார்த்தார்கள், கடலையைத் தின்றார்கள், அடுத்த ராட்டினத்துக்கு ஓடினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. எத்தனை நாளைக்குப் பிறகு இத்தனை பேர் குதிரையிடம் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதே கூட்டத்தை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து தவுக்கேயும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெரு மலாய்தான், மெதுவாகச் சொன்னார்.

"நேத்து முழுக்க குதிரை ஓடல. ஏன் ஓடலன்னு ஒரு ஆள்கூட கேக்கல லா."

பேய் வீட்டை ஒரு நாள் மூடிப் பாருங்கள், அதையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆக்டோபஸை என்னிடமே கொடுப்பதாகவும் சம்பளம் ஏற்றித் தருவதாகவும் சொன்னார். யார்மேல் கோபப்படுவது? கும்பிட்ட சாமிமேல்தான் கோபம் வந்தது. கொஞ்ச நாள் விபூதிகூடப் பூசவில்லை.

தீபாவளிக்கு முன்பே லாரி வந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு போனது. நான் போய்ப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் அக்கா வந்தாள். குதிரை நின்ற இடத்தில் ஆக்டோபஸ் பாட்டுச் சத்தத்தோடு சுழன்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைத் தேடினாள். கையை ஆட்டினேன். வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த வேலிக்குள்ளே ஆளை விடக் கூடாது என்று உத்தரவு, அதனால் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடந்ததைச் சொன்னேன். பையன்கள் ஒரே ஓட்டமாக வரிசைக்குப் போய்விட்டார்கள். பெரியவனுக்கு மீசை அரும்பியிருந்தது. "மாமா, இதுதான் மாமா ராட்டினம்!" என்று கத்திக்கொண்டே ஏறினான்.

என் முகம் போன போக்கை அக்கா பார்த்திருக்க வேண்டும். பையன்களுக்குக் குதிரை சலித்து ரொம்ப நாளாகிவிட்டது என்றாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மாமாவுக்காக ஏறுங்கடா என்று கெஞ்சித்தான் கூட்டிவந்தாளாம். சரி, அதனால் என்ன, இனி இதில் ஏறட்டும், நீ எப்போதும் போல வா என்றேன்.

"குதிரைன்னா சின்னப்பிள்ளைங்க விளையாட்டுன்னு அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு தம்பி. இந்த மாதிரி மிஷின் விளையாட்டுக்கெல்லாம் விட மாட்டாரு. இனி என்னான்னு சொல்லிட்டு நான் வர்றது?"

கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லேன், இங்கே மலைக்குகைக் கோயில் இருக்கிறதே என்றேன். கோயில் என்றால் அவரும் கூடவே கிளம்பிவிடுவார் என்றாள். துணிக்கடை என்றேன். துணியெல்லாம் பீடோரிலேயே கிடைக்கிறது என்றாள். வேறு ஏதாவது யோசித்துச் சொல்வதற்குள் ராட்டினம் நின்றுவிட்டது. இறங்குகிறவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும், அடுத்த கூட்டம் முண்டிக்கொண்டு நின்றது.

"போ தம்பி, ஆளுங்க காத்துட்டு இருக்காங்க," என்றாள்.

போனேன். கதவைத் திறந்தேன், ஆட்களை ஏற்றினேன், லீவரைத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தபோது முறுக்கு டின்னை வேலிக் கம்பத்து அடியில் வைத்துவிட்டு, பையன்களைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். ஆட்கள் மேலே தொங்கும்போது லீவரை விட்டு நகரக் கூடாது. நான் நகரவில்லை.

அடுத்த தீபாவளிக்கு அவள் வரவில்லை. என்ன சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு நல்ல காரணம் அதற்குள் நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதை அவளுக்குச் சொல்லத்தான் வழியில்லை.