ஆச்சாக் கட்டை ஊறிய மூன்று நாள்

போன மாசியில் தேக்கடி ஏரியிலிருந்து கம்பம் பக்கம் இறங்கி ஏழு நாள் இருந்துவிட்டு வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு சாண் நீள மரக்கட்டைக்காகப் போனேன். இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அணைக்கட்டுக் குடியிருப்புக்கும் தேக்கடிப் படகுத்துறைக்கும் நடுவே ஒன்பது மைல் தண்ணீர். அரிசி, தபால், ஆள் எல்லாம் ஏற்றி இறக்கும் படகுக்கு நான்தான் டிரைவர். யாரோ ஒரு துரை உல்லாசத்துக்கு வாங்கிய பாய்ப்படகு அது; பிற்பாடு எஞ்சின் வைத்தார்கள். பாய் இன்னும் இருக்கிறது, பேருக்கு. மலை இடுக்கில் காற்று நினைத்த பக்கம் திரும்பும். தண்ணீருக்குள்ளே பட்ட மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பாயை நம்பிப் போனால் அவற்றில் ஒன்றில் போய் மோத வேண்டியதுதான்.

எஞ்சினிலிருந்து படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டு, படகின் பின்புறத்தைத் துளைத்துத் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் அதைத் தாங்க ஒரு மரக்குழல் உண்டு. புஷ் என்போம். சீமை மரம், கப்பலில் வருவது. அது தேய்ந்துபோய், தண்டு தடதடவென்று ஆட ஆரம்பித்தது. சந்து வழியே தண்ணீரும் உள்ளே வந்தது. மேலே எழுதிக் கேட்டேன். யுத்தம் முடியட்டும் என்று பதில் வந்தது.

அதே தபாலில் தேவாரத்திலிருந்து என் மனைவி செல்லத்தாயின் கடிதமும் இருந்தது. பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. அணைக் குடியிருப்பில் பேச்சுத் துணைக்கு இரண்டே பெண்கள். அட்டை, யானை, மழை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கூட்டிவரப் போனபோது மாமனார் நாலு பேர் முன்னால், "பொண்ண வனாந்தரத்துல கொண்டுபோயி வச்சீக" என்று சொல்லிவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து கடிதம்தான். இப்போது அவள் எழுதியிருந்தது இவ்வளவே: அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, அண்ணனோடு படகுத்துறைக்கு வருகிறேன். ஒரு தடவை வந்து இருந்து பார்க்கிறேன். படகு ஓடாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யானைத் தடத்தில் நடக்க மாட்டேன், அப்படியே திரும்பிவிடுவேன்.

எனக்கு இருந்தது பத்து நாள்.

செவ்வாய்க்கிழமை விடியக் காலம் ஐந்தரைக்குப் படகை எடுத்தேன். ஒன்றரை மணி நேரப் பயணம். தண்ணீரை இறைத்து இறைத்து ஓட்டி வந்ததில் மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. துறையில் படகைக் கரையேற்றி, புஷ்ஷைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டேன். தண்டின் அளவுக்கு ஒரு துண்டு இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டேன். குமுளிக்கு இரண்டரை மைல் நடை. அங்கிருந்து கம்பம் பதினான்கு மைல், பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்து ஓட்டும் கரி பஸ், எட்டணா. மலையில் இறக்கம் என்பதால் கரி பஸ்ஸும் பஸ் மாதிரியே ஓடும். கூடலூர் தாண்டியதும் சமதரையில் கரி கிண்ட இரண்டு தடவை நிறுத்தினார்கள்.

கம்பத்தில் விசாரித்ததில், சீமை மரத்துக்கு ஈடாக ஆச்சா மரம் நிற்கும் என்றார்கள். இரும்பு மாதிரி கனம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அது இருப்பில் உள்ள வண்டி ஆசாரி காமயகவுண்டன்பட்டியில் இருந்தார். மூன்று மைல், ஒரு மணி நேர நடை.

ஆசாரி வேலைக்காரர், சந்தேகமில்லை. புதன்கிழமை முழுவதும் கடைந்து, துளை போட்டு, விளக்கெண்ணெய் ஊட்டிக் கொடுத்தார். கம்பியைச் செருகிப் பார்த்தேன். மயிரிழை ஆட்டமில்லை. "வண்டி அச்சு எம் பேரச் சொல்லும்" என்றார். எனக்கும் சந்தோஷம். இறுக்கமாக இருந்தால் நல்லது என்றுதான் ஆடிப்போன புஷ்ஷோடு மாரடித்த எவனுக்கும் தோன்றும்.

ஊர்க் கோடியில் ஒரு தோட்டத்தில், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலை ஓடிக்கொண்டிருந்தது. கை கால் கழுவ இறங்கினேன். மாட்டை ஓட்டியது தோட்டத்துக்காரி சிவனம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும். கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார்.

"இது எங்கன சுத்தப்போகுது?"

"தண்ணிக்குள்ள."

"தண்ணிக்குள்ள சுத்துறதுக்கு எண்ணெய எதுக்கு ஊட்டுனாரு? தண்ணிதான அதுக்கு எண்ணெய்?" என்று சிரித்தார். "இந்தா, கமலை உருளையப் பாருங்க. அதுவும் மரந்தேன், எந்நேரமும் நனைஞ்சுக்கிட்டே சுத்துது. மொத கட்டையக் கிணத்துல மூணு நாளு ஊறப் போடுவோம். ஊறிப் பெருத்ததுக்குப் பெறகுதேன் தொளை. காஞ்ச கட்டைல தொளை போட்டா கவ்விப் பிடிச்சுக்கிரும்."

எஞ்சின் படித்தவனுக்குக் கமலைக்காரி பாடம் சொல்வதா என்று வாதாடினேன். "ராத்திரிக்குக் கிணத்துல போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். காலையில் எடுத்தால் கம்பி பாதி நுழைந்து நின்றுவிட்டது. அடித்தும் நகரவில்லை. ஏரி நடுவில் தண்டு இப்படிப் பிடித்திருந்தால், பிள்ளையும் செல்லத்தாயும் படகில் இருக்க... அதற்கு மேல் நினைக்கப் பிடிக்கவில்லை. ஆசாரி வேறு கட்டை வெட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினேன். ஞாயிறு காலை வரை வேலையில்லை. களவு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்தேன். ஒரு மரத்துண்டை எவன் களவாடப் போகிறான்? அங்கிருந்து பார்த்தால் மேற்கு மலை நெடுக்கத் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் தேவாரம், உத்தமபாளையம் வழியாகப் பதினேழு மைல். ஏரியில் தனியாக இருக்கும்போது தூரத்தைச் சாக்குச் சொல்லலாம். இங்கே அந்தச் சாக்கும் இல்லை. உண்மையாகவே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை சிவனம்மா கம்பங்கூழ் கொண்டுவந்து வைத்து, "வீட்டுல எங்க இருக்காக?" என்று கேட்டார். தேவாரம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சனிக்கிழமை அவருடைய வீட்டுக்காரர் காளை பார்க்கத் தேவாரம் கிளம்பினார். "வண்டி சும்மாதான் போகுது. ஏறுங்க, நாளைக் காலைல திரும்பிரலாம்" என்றார். கட்டையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார்.

ஞாயிறு, ஈரக் கட்டையில், நூலளவு இடம் விட்டு ஆசாரி துளை போட்டார். இரண்டு கட்டைக்கும் சேர்த்து இரண்டரை ரூபாய். திங்கள் ஈரத் துணியில் சுற்றி எடுத்துவந்து, செவ்வாய், புதன் இரண்டு நாளும் மாட்டினேன். வியாழன் மாலை துறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். தடதடப்பு போய்விட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அந்தச் சத்தமும் இல்லாமல் ஏரி இன்னும் தனியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து துறையில் நின்றேன். பதினொன்றேகாலுக்குச் செல்லத்தாயின் அண்ணன் ஒரு மூட்டையோடு வந்தார். தனியாக வந்தார்.

"அவ வரல மாப்ள" என்றார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "காளை பாக்க வந்தவக படகுக்காரரு வீட்ட விசாரிச்சு வந்து சொன்னாக, நீங்க அவுக கிணத்தடில இருக்கீகன்னு. சனிக்கிழமை பொழுது சாயுறவரை புள்ளைக்குத் தலை சீவிப் பொட்டு வச்சு வாசல்லயே உக்காந்திருந்தா. ஞாயித்துக்கிழமையும் உக்காந்திருந்தா" என்றார்.

"ஏதாவது சொன்னாளா?"

"ஒரு கட்டைக்கு மூணு நாளு காவ இருந்தாகளாமே, எனக்கு ஒரு நாளு வரக்கூடாதான்னு கேட்டா."

படகு நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, நல்லவேளை, சொல்லவில்லை. துறைக் காவல்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். "லீவு சொல்லிட்டீகளா?" என்றார். இல்லை என்றேன். மச்சானோடு குமுளிக்கு நடந்தேன்.

தேவாரம் போய்ச் சேர இரவு ஏழேமுக்கால். மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார். பிள்ளை என்னைப் பார்த்து வீறிட்டது. செல்லத்தாய் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "படகு?" என்றாள்.

"துறையில கட்டிட்டு வந்தேன்."

"யாரு பாத்துக்கிருவா?"

"அது பாட்டுக்குக் கிடக்கும்."

பிறகு கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

லீவு சொல்லாமல் போனதற்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள். அவள் இன்னும் அணைக்கு வரவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாதம் இரண்டு தடவை நான் போகிறேன். பிள்ளை இப்போது அழுவதில்லை.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதுரை–போடி ரயில் பாதையை யுத்தத்துக்காகப் பெயர்த்துவிட்டார்கள்; தேனி வரை பஸ்தான். தேனியிலிருந்து கம்பம் இருபத்தைந்து மைல், கரி பஸ்ஸில் இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். சாப்பாட்டைக் கையில் கொண்டுவருவது நல்லது. கம்பத்திலிருந்து உத்தமபாளையம் ஆறு மைல், அங்கிருந்து கோம்பை வழியாகத் தேவாரம் பத்து மைல். பஸ் கிடைக்காவிட்டால் பார வண்டிக்காரர்கள் கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள். படகுக்குப் புஷ் வேண்டுமென்றால் ஆச்சா மரம் எடுங்கள், எண்ணெய் ஊட்ட விடாதீர்கள், மூன்று நாள் கிணற்றில் ஊறப் போடுங்கள். போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார வேண்டாம். நீங்கள் இல்லாவிட்டாலும் அது ஊறும்.