தம்பிதுரை சொன்ன ஒரு ‘ஆகட்டுங்க’

சிங்காநல்லூர் தம்பிதுரையின் மரியாதை எப்பேர்ப்பட்டது என்றால், ஒருநாள் குளியலறைக்குள் சாரைப்பாம்பு புகுந்துவிட, கதவோரம் நின்றுகொண்டு, “கொஞ்சம் அக்கட்ட போறீங்களா?” என்று கேட்டாராம். பாம்பும் கூச்சப்பட்டுக்கொண்டு சாக்கடை வழியே போய்விட்டதாம். அவர் மனைவி ராசாத்தாள் இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். போகிற போக்கில் பாம்பு தலையை ஆட்டி விடைபெற்றது என்று இப்போதெல்லாம் சேர்த்துக்கொள்கிறாள். பொய்தான். ஆனால் தம்பிதுரையை அறிந்தவர்கள் பாம்பைத்தான் சந்தேகப்படுவார்களே தவிர அவரைச் சந்தேகப்படமாட்டார்கள்.

அவர் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். சர்க்கரை நோய் வந்து கண்ணைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் பஸ்ஸின் போர்டு போயிற்று. அப்புறம் நாளிதழின் எழுத்து. ராசாத்தாளின் முகத்தில் முதலில் மூக்குத்தி மறைந்தது, பின்பு மூக்கு, பின்பு முகமே மறைந்தது. ஆலை மூடின காலமும் ஏறக்குறைய அதுவே. வெளிச்சமும் வேலையும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாகவே போய்விட்டன என்பார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை முழுவதும் பிறர் கண்ணில் ஓடியது. சட்டையின் நிறத்தை ராசாத்தாள் சொல்வாள். மீனில் முள்ளை அவளே எடுப்பாள். அவருக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவருக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும். இப்படி உள்ளும் புறமும் ஊருக்குத் திறந்து கிடந்த மனிதரிடம் ஒன்றே ஒன்று மட்டும் மூடிக் கிடந்தது. அது அவருடைய ஓட்டு.

ஆலைத் தொழிலாளர்களின் வீட்டுவசதிச் சங்கத்தில் அவர் உறுப்பினர். சங்கத் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு உண்டு, முத்திரை உண்டு. செயலாளர் சுந்தரராஜுலு, தம்பிதுரைக்காகவே ஒரு தடித்த அட்டையில் பெயர்களுக்கு நேராக ஓட்டை வெட்டி வைத்திருந்தார். சீட்டை அட்டைக்கு அடியில் செருகினால் போதும். பெயர்களின் வரிசையை முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, மேலிருந்து எத்தனையாவது ஓட்டை என்று விரலால் தடவிப் பார்த்து, தம்பிதுரையே முத்திரை குத்திவிடுவார். மறைப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது மாப்பிள்ளை மிடுக்கு வந்திருக்கும்.

“ஏனுங்க, யாருக்குப் போட்டீங்க?” என்று ராசாத்தாள் கேட்பாள்.

“அது ரகசியமுங்க அம்மணி.”

“கட்டுன பொண்டாட்டிகிட்ட என்னுங்க ரகசியம்?”

“கட்டுன பொண்டாட்டிகிட்டத்தானுங்க ரகசியம். மத்தவன் எவனுங்க கேக்கறான்?”

நல்லி எலும்புக் குழம்பு வைத்தும் பார்த்தாள். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாரே ஒழிய வாய் திறக்கவில்லை. ராசாத்தாளுக்கும் அவர் சொல்லாமல் இருப்பதே பிடித்திருந்தது. அவருக்கென்று ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் வட்டாரத்துச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு, இனிமேல் எல்லாத் தேர்தலும் எந்திரத்தில் என்று முடிவு செய்தது. எந்திரம் எப்படி இருக்க வேண்டும், அதற்கு என்னென்ன தரம் வேண்டும் என்று வகுக்க ஒரு குழு அமைத்தார்கள். தரத்தை முடிவு செய்யுமுன் உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. பீளமேட்டில் ஒரு கல்லூரிக் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். கண் தெரியாத உறுப்பினர்கள் சார்பில் தம்பிதுரை போய்ப் பேசட்டும் என்று சுந்தரராஜுலு பெயர் கொடுத்தார்.

தம்பிதுரை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கூடம் குளிர்பெட்டி மாதிரி இருந்தது. குழுவின் ஒருங்கிணைப்பாளர் சுரேந்தர், இளம் எஞ்சினியர். அவரே இறங்கி வந்து தம்பிதுரையின் கையைப் பிடித்து மாதிரி எந்திரத்தின் மேல் வைத்தார்.

“தொட்டுப் பாருங்கய்யா. செல்போனாட்டத்தானுங்க. பேரு கண்ணாடியிலயே வரும். தொட்டாப் போதும், ஓட்டு விழுந்துரும்.”

தம்பிதுரை தடவினார். கழுவிக் கவிழ்த்த தட்டைத் தடவுவது போல இருந்தது. மேடில்லை, பள்ளமில்லை, எங்கே முதல் பெயர், எங்கே கடைசி என்று விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“தம்பி, இதுல பொத்தான் கித்தான் ஒண்ணும் இல்லீங்களா? என்ற வெரலுக்குத் தெரியோணுமுங்களே.”

“பொத்தான் வெச்சா செலவு ஏறுதுங்கய்யா. அடுத்த கட்டத்துல கண்டிப்பாப் பாத்துக்கலாமுங்க. உங்களையாட்டப் பெரியவங்க வந்து சொன்னதே எங்களுக்குப் பெரிய விசயமுங்க. இப்பத்திக்கு இப்படியே போலாங்களா?”

அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டு வந்தது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பையன் இவ்வளவு பதவிசாகக் கேட்கிறான். அத்தனை பேர் நடுவில் அவன் முகத்தை முறிப்பதா?

“ஆகட்டுங்க,” என்றார் தம்பிதுரை.

கோயமுத்தூரில் இந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, மரியாதையாகச் சொன்னீர்கள், நானும் மரியாதையாக உட்காருகிறேன் என்பதற்கெல்லாம் சேர்த்து ஒரே சொல். பிடிக்காத இடத்தில் பெண் கேட்டு வந்தாலும் வாசல்வரை வந்து “ஆகட்டுங்க” என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். பெண்ணைக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் கூட்டக் குறிப்பு எழுத வந்த பெண் வெளியூர். அவள் காதால் கேட்டதை எழுதினாள்: பார்வையற்ற உறுப்பினர்கள் தரப்பு ஒப்புதல் அளித்தது.

சில மாதங்கள் கழித்து நஃபீசாவிடமிருந்து போன் வந்தது. நஃபீசா உக்கடத்தில் அண்ணன் இல்யாஸின் அத்தர் கடையில் இருப்பவள். பிறவியிலேயே கண் தெரியாது. காந்திபுரத்தில் பார்வையற்றோர் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிதுரைக்குப் பழக்கம். அவர் வாசலில் வரும்போதே, என்ன சோப்புப் போட்டுக் குளித்தார் என்று உள்ளிருந்தபடி சொல்லிவிடுவாள். அவளுடைய சிறுவணிகர் சங்கமும் அதே கூட்டமைப்பில்தான் இருந்தது.

“அண்ணா, எந்திரத்துக்குத் தரம் போட்டுட்டாங்களாமா. பொத்தான் இல்லையாமா. வெட்டுன அட்டைய மேல வெக்கவும் கூடாதாமா. ஏனுங்கன்னு எங்க சங்கத்துல கேட்டா, உங்காளுகளே ஒத்துக்கிட்டாங்கன்னு படிச்சுக் காட்டறாங்க. உங்க பேருதான் இருக்குது.”

“நானா? நான் எங்க கண்ணு ஒத்துக்கிட்டேன்? பொத்தான் வேணும்னுதானே சொன்னேன்.”

“அப்பறம் என்ன சொன்னீங்க?”

தம்பிதுரை யோசித்துப் பார்த்தார். காபியின் வாசனை முதலில் நினைவுக்கு வந்தது. அப்புறம் அந்தச் சொல் வந்தது.

“ஐயோ, ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டேன் கண்ணு.”

நஃபீசா சிரித்தாள். “கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் அதத்தான் சொல்றீங்க, கழுத்த வெட்டறேன்னாலும் அதத்தான் சொல்லுவீங்களாட்ட இருக்குது.”

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தன் ஓட்டு போனால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். தேறவில்லை. பவானியிலும் பல்லடத்திலும் ஈரோட்டிலும் முகம் தெரியாத எத்தனையோ விரல்கள் அந்தக் கண்ணாடியில் வழுக்கப்போகின்றன. அத்தனைக்கும் அடியில் தன் பெயர் இருக்கிறது.

சுந்தரராஜுலுவிடம் போனார். அவர், “நம்ம கையில ஒண்ணும் இல்ல தம்பிதுரை, கூட்டமைப்புலதான் கேக்கோணும்” என்றார். கூட்டமைப்பு அலுவலகத்தில், தரத்தை வகுத்தது குழு, குழுவிடம் சொல்லுங்கள் என்றார்கள். சரி, சுரேந்தரையே நேரில் பார்த்து, அந்த ஒப்புதலை வாபஸ் வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். அதற்கு ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும். இதுவரை சொல்லிப் பழக்கமில்லாத சொல். ராசாத்தாள் பயிற்சி கொடுத்தாள்.

“நாந்தான் அந்த எஞ்சினியரு. ஐயா, இப்படியே போலாங்களா?”

“முடியாதுங்க.”

“அந்த ‘ங்க’வ எடுத்துப் போட்டுச் சொல்லுங்க. அதுதான் உங்கள இந்தப் பாடு படுத்துது.”

“முடியா…து.” சொல்லிவிட்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “ஏ அம்மணி, உன்னையப் பாத்து எப்படிச் சொல்றது?”

“என்னைய எங்க பாக்கறீங்க? சும்மா சொல்லுங்க.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. கடைசியில் அவர் ‘முடியாது’ என்று ஒரு போடு போட்டதில் கூரை எரவாணத்துப் பல்லி கீழே விழுந்துவிட்டது என்று ராசாத்தாள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சுரேந்தர் வேலை பார்க்கிற கம்பெனி பீளமேட்டிலேயே இருந்தது. ராசாத்தாள் கூட்டிப்போனாள். தகவல் போனதும் சுரேந்தர் கீழே வரவேற்பறைக்கு ஓடி வந்தார். தம்பிதுரை உட்காரவில்லை.

“தம்பி, அன்னைக்கு நான் சொன்னது ஒப்புதல் இல்ல. பொத்தான் இல்லாத எந்திரம் எங்களுக்கு முடியாது. எழுதிக்குங்க.”

நன்றாகவே சொன்னார். குரல் நடுங்கவில்லை. ஆனால் அங்கே எழுதிக்கொள்ள யாருமில்லை.

“குழுவக் கலைச்சுட்டாங்கய்யா. தரத்த ஒப்படைச்ச அன்னைக்கே கலைச்சாச்சு. திருத்தோணும்னா குழு கூடோணும். குழு இல்லைங்களே.”

“அப்ப நாங்க யாருகிட்டச் சொல்றது?”

“அது எனக்கே தெரியலீங்கய்யா. எந்திரமும் செஞ்சு வந்துருச்சு.”

“யாரோ ஒருத்தரு பொறுப்புன்னு இருக்கோணுமுல்ல தம்பி?”

சுரேந்தர் பக்கத்தில் வந்து, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: “எனக்குத் தெரியுமுங்கய்யா. எங்கூரு காங்கயம் பக்கம். எங்கப்பனும் வேண்டாம்னு நெனச்சா ஆகட்டுங்கன்னுதான் சொல்லுவாரு. நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுது, இது செரிங்கறது இல்லைன்னு. அந்தப் புள்ள எழுதுனதையும் பாத்தேன். கூட்டத்த முடிக்கோணும்னு விட்டுப்போட்டேன்.”

தம்பிதுரை கோபப்படத்தான் வந்திருந்தார். கோபப்படுவதற்கு எதிரில் ஒரு அதிகாரி வேண்டுமே. நின்றதோ, காங்கயத்துப் பக்கம் யாரோ ஒருவர் பெற்ற பையன், அழுகிற குரலில். அவன் தோள் எங்கே என்று தேடித் தட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பஸ்ஸில் ராசாத்தாள், “எதுக்குத் தட்டிக் கொடுத்தீங்க?” என்று கடிந்துகொண்டாள். அவருக்கும் தெரியவில்லை.

தேர்தல் நாள் வந்தது. கண் தெரியாதவர்கள் ஒரு துணையை உள்ளே கூட்டிப்போகலாம் என்று தரத்தில் எழுதியிருந்தது. ராசாத்தாள் கையைப் பிடித்தாள்.

“நான் வாரேனுங்க. பேரச் சொல்லுங்க, தொட்டுர்றேன். செத்தாலும் வெளிய சொல்லமாட்டேன்.”

“நீ சொல்லமாட்ட அம்மணி. ஆனா உனக்குத் தெரிஞ்சுருமே.”

கையை விடுவித்துக்கொண்டு தனியாகவே மறைப்புக்குப் பின்னால் போனார். கண்ணாடியின் ஓரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால், அங்கிருந்து சாணளந்து பெயரைப் பிடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். ஓரத்தைத் தேடி விரலை மெல்ல வைத்தார். எந்திரம் கூவியது.

“ஆச்சுங்கய்யா, வாங்க,” என்றார் தேர்தல் அலுவலர்.

“இல்லீங்க, நான் இன்னும் தேடிட்டே இருக்கறனுங்க.”

“பதிவாயிருச்சுங்கய்யா. தொட்டா விழுந்துருமுங்க.”

“ஓரத்தத்தானுங்க தொட்டேன். இன்னொருக்கா…”

“ஒருத்தருக்கு ஒண்ணுதானுங்களே.”

கண்ணுள்ளவன் பார்த்துவிட்டுத் தொடுகிறான். தம்பிதுரைக்குத் தொடுவதுதான் பார்ப்பது. அந்த வித்தியாசத்தை எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய கூட்டத்தில்தான் அவர் காபி குடித்துவிட்டு வந்திருந்தார். பின்னால் வரிசை நின்றது. யாரோ கைக்குழந்தையோடு நிற்கிறார்கள் என்று அழுகையில் தெரிந்தது. வெயிலில் அவர்களை நிறுத்தக்கூடாது என்று வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் காத்திருந்த ராசாத்தாள் வழக்கம்போல, “ஏனுங்க, யாருக்குப்…” என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் அவர் தெரிந்தே சொல்லாமல் இருந்தார். இந்தத் தடவை சொல்ல அவரிடமே ஒன்றும் இல்லை. வழி நெடுக அவள் பாம்புக் கதையோ பல்லிக் கதையோ எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நஃபீசா கூப்பிட்டாள். அவளுடைய சங்கத்தில் தேர்தல் அடுத்த வாரம்.

“எப்படிங்கண்ணா இருந்துச்சு? ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?”

வழி இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்தப் பிள்ளையின் குரலில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார்.

“இல்ல கண்ணு. வெரல வெச்சுத் தேடாத. தொட்டவுடனே போயிருது. தனியாப் போவாத. யாராச்சும் நம்பிக்கையான ஆளாக் கூட்டிக்கிட்டுப் போ.”

“யாரைங்கண்ணா கூட்டிட்டுப் போறது? எனக்கு இருக்கறது எங்கண்ணன் ஒருத்தருதானே.”

“இல்யாஸத்தான் கூட்டிக்கோயேன்.”

“அவருதானுங்கண்ணா இந்தத் தடவை தலைவருக்கு நிக்கறாரு.” அவள் குரல் தணிந்தது, கடையில் யாரோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். “நான் எதுத்து நிக்கற ஃபஹீமாக்காவுக்குப் போடலாம்னு இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல. அட்டை இருந்திருந்தா அவருக்குத் தெரியவே போறதில்ல. ஒரே ஊட்ல சோறு திங்கறோம், அவரு மொகத்துக்கு நேரா எப்படிண்ணா அந்தப் பேரச் சொல்லுவேன்?”

தம்பிதுரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் கடைக்கு ஆள் வந்த சத்தம் கேட்டது. யாரோ சந்தனம் கேட்டார்கள். நஃபீசா பாட்டில்களை நகர்த்தி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இது இல்லைங்க என்று வைத்துவிட்டு, வேறொன்றை எடுப்பது கேட்டது.

“அத்தர் வாங்க ஆளு வந்திருக்காங்கண்ணா, வெச்சர்றேன். எங்கண்ணன் பேரையே சொல்லிர்றேன், விடுங்க,” என்றாள்.