மூக்கை மட்டும் கட்டிக்கொண்டவன்

விமானத்திலிருந்து குதிக்கிற படையில் சேர வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது அறுபத்தைந்து சண்டை முடிந்த மறு வருஷம். வயது இருபது. தங்க வயலில் சுரங்கத்துக்குள் கல் ஏற்றிய ட்ரக் வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளுகிற வேலை. நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். "இன்னாடா, தெனம் கேஜ் கூண்டுல ஏறி பாதாளத்துக்குப் போறது பத்தலையா? மேல இருந்து வேற வுழணுமா?" என்று எங்கள் மேஸ்திரி கேட்டார். கீழேயே கிடந்து சாகிறவர்களுக்கு மேலே போகிறவனைக் கண்டால் வயிறு எரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்குத் திமிர் அதிகம்.

அந்தப் படைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லீவில் வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். முதுகில் மூட்டையோடு ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், பாரில் தொங்கி எழ வேண்டும். ஒரு வருஷத்தில் தயாராகிவிடுவது என்று முடிவு செய்தேன். வேலையை விட முடியாது. என் நைனா இருபது வருஷத்துக்கு மேல் மெஷின் போட்டவர், அதாவது பாறையில் துளை போடுகிறவர். தூசி நெஞ்சில் இறங்கி, இருமலோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

முதல் ஷிப்டு வாரத்தில் வேலை முடிந்து மேலே வந்ததும் ஓடுவேன். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் காலையில் ஓடிவிட்டு மத்தியானம் உள்ளே இறங்குவேன். பாலகாட் சுரங்கத்துப் பக்கத்தில், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிவைத்த சைனைடு மேட்டில், சாக்கில் மண்ணை அள்ளி முதுகில் கட்டிக்கொண்டு, பூதிகோட்டை ரோட்டில் கால் போகிற வரைக்கும். பீடியை விட்டேன். சினிமாவை விட்டேன். தங்கை கல்யாணத்தன்றுகூட ஓடிவிட்டு வந்துதான் பந்தலில் நின்றேன். வியர்வை நாற்றம் தாங்காமல் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். ஷிப்டு முடிந்து கேஜ் மேலே வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து நின்றபடியே தூங்குவேன்.

கால் தேறிவிட்டது. கைதான் தேறவில்லை. பாரில் ஐந்தாறு முறை எழுந்தால் தோள் இற்றுப்போகும். மெஷின் போடுகிறவர்களின் கைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உலக்கை. ஒருநாள் நைனாவிடம் கேட்டேன்.

"நைனா, மெஷினுக்குப் போனா கை உரம் ஏறுமா?"

"ஏறும்" என்றார். அவ்வளவுதான்.

மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மெஷினுக்கு மாறினேன். தூசிக்கு மட்டும் பயம். நைனாவின் இருமல் தினமும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்ததே. ஈரத்துணியை நாலாக மடித்து மூக்கையும் வாயையும் இறுக்கக் கட்டிக்கொள்வேன். "கல்யாணப் பொண்ணு முக்காடு போட்டுகினு வந்துட்டா" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் குறுகின பொந்துக்குள் மெஷின் ஓடினால் மண்டைக்குள்ளேயே தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். மேலே வந்த பிறகும் காதில் ஙொய்யென்று ஒரு சத்தம். டீ குடித்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை, பழகிவிட்டது.

பத்து மாதத்தில் என் கையும் உலக்கையாயிற்று.

பெங்களூரில் தேர்வு இரண்டு நாள். இரண்டு நாள் லீவுக்காக மேஸ்திரியிடம் நான் வாங்கிய திட்டு தனிக் கதை. முதல் நாள் மூட்டையோடு ஓடினோம். மூன்றாவதாக வந்தேன். கயிறு ஏறினேன். பாரில் போதும் போதும் என்று அவர்களே சொல்லும் வரை எழுந்தேன். பெயரைக் கூப்பிட்டபோது நான் "சார்" என்று போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. மீசைக்கார ஹவில்தார் என் முதுகில் தட்டி, சிப்பாய்க்குக் குரல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொன்னார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் மருத்துவப் பரிசோதனை. நெஞ்சு எக்ஸ்ரேயைக் கையில் எடுத்தபோது நைனாவின் இருமல்தான் என் நினைவுக்கு வந்தது. டாக்டர் தமிழ் பேசுகிறவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்புறம் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஒரு காதைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். அவர் பின்னால் தள்ளி நின்று மெதுவாகச் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நின்றேன். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அவர் ஆரம்பிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மரியாதைக் குறைவாக நினைக்கப்போகிறாரே என்ற பயத்தோடு திரும்பினேன்.

"எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

டாக்டர் பக்கத்திலிருந்த கம்பவுண்டரைப் பார்த்தார். "ஆறு தடவை சொல்லிட்டேம்ப்பா" என்றார். மற்றக் காதையும் பார்த்தார். அதுவும் அப்படியே.

"என்ன வேலை?"

"மெஷின், சார்."

"இவ்ளோ கத்திப் பேசறியே, வீட்டுல யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு ஒருவராவது மெஷின் போட்டவர். அண்ணன் தம்பி பேசினாலும் புருஷன் பெண்டாட்டி பேசினாலும் தெருமுனை வரை கேட்கும். அதுதான் பேச்சு என்று நினைத்து வளர்ந்தவன் நான். ஹவில்தார் மெச்சிய குரலும் அதுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா கட்டிலில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தார். இரண்டாம் முறை உரக்கச் சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"மெஷினுக்குப் போனா காது போவும்னு ஊருக்கே தெரியுமேடா. எனக்குப் போவல?"

"ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. கை உரம் ஏறுமான்னுதான கேட்ட."

குற்றம் செய்த முகம் இல்லை அது. இருமல் அவருக்கு நோய். காது போனதை அவர் நோயாகவே நினைக்கவில்லை. தலை நரைப்பது போல அதுவும் ஒன்று. அது எனக்குத் தெரிந்தும் ஆறவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ட்ரக்கே தள்ளிக்கொண்டு இருந்திருப்பேன், அந்த ஆறு தடவையும் எனக்குக் கேட்டிருக்கும். மறுநாள் முதல் ஷிப்டுக்கு அதே மெஷினுக்குத்தான் போனேன். அன்றிலிருந்து நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அம்மா அவரிடம் சாப்பாட்டுத் தட்டை நீட்டச் சொன்னால் நீட்டுவேன், எழுந்து போய்விடுவேன்.

பதினைந்து நாள் இருக்கும். நைனா அம்மாவிடம் கேட்டாராம்: "இன்னா, அவன் இப்பல்லாம் இவ்ளோ மெதுவா பேசறான்?"